வடலித்துறையில் சத்தம் போன நாற்பது நாள்

வடலித்துறைக்காரர்கள் சத்தமாகப் பேசுகிறவர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஊர் எல்லைக்கு வரும் முன்பே அது உங்கள் காதுக்கு வந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்கிறவனிடம் உப்புக் கேட்டால் இரண்டு தெரு தள்ளி இருப்பவன் எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். பிள்ளையைத் தூங்கவைக்கிற தாலாட்டில் எதிர்வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். கலியாணப் பேச்சுக்கும் கைகலப்புக்கும் வெளியூர்க்காரனுக்கு வித்தியாசம் தெரியாது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வாசலில் கடல், தலைக்குமேல் காற்று, இரண்டும் ஓயாமல் கத்திக்கொண்டிருக்கையில் நடுவில் குடியிருக்கிற மனுசர் வேறென்ன செய்வார்கள். அந்த ஊருக்குத்தான் கித்தேரி வாழ்க்கைப்பட்டு வந்தாள்.

கித்தேரியின் பிறந்த வீட்டில் பதினோரு வருசம் யாரும் குரலை உயர்த்தியதில்லை. அவள் அம்மாவுக்குத் தலைவலி. வந்துபோகிற தலைவலி அல்ல, வந்து தங்கிவிட்ட தலைவலி. ஒரு கரண்டி கீழே விழுந்தால் போதும், அந்த அம்மாள் காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். ஆகவே அந்த வீட்டுப் பிள்ளைகள் பசியைத் தணிந்த குரலில் சொன்னார்கள், சண்டையைத் தணிந்த குரலில் போட்டார்கள், அடுப்படியில் பாம்பு புகுந்த அன்றைக்கு "அப்பா, பாம்பு" என்று கித்தேரி சொன்னதற்கும் "அப்பா, சோறு வெந்துட்டு" என்று சொல்வதற்கும் வித்தியாசமே இல்லாமல் இருந்தது. அம்மா செத்த காலையில் அதை வெளியே வந்து சொன்னவளும் அவள்தான், அதே குரலில். பயத்தையும் கோபத்தையும் அழுகையையும் குரலில் ஏறவிடாமல் பிடித்து நிறுத்துவது எல்லோருக்கும் வருகிற காரியம் என்று அவள் நினைத்திருந்தாள். அது ஒரு திறமை என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

வடலித்துறையில் ஒரு வழக்கம் உண்டு. கரைக்கு எதிரே தண்ணீருக்கடியில் இரண்டு பார்கள் கிடக்கின்றன. பார் என்பது கடலுக்குள் இருக்கிற கல்வரிசை, ஏறினால் வள்ளத்தின் வயிற்றைக் கிழித்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு வள்ளம் நுழைகிற அகலத்தில் வழி. வானம் தெளிந்திருந்தால் கோயில் கோபுரத்தைப் பார்த்து நுழைவார்கள். மழை மறைத்தால், அந்த வழிக்கு நேரே இருக்கும் மணல்மேட்டில் பெண்கள் ஏறி நின்று அவரவர் வீட்டு வள்ளத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், ஆண்கள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு கரை சேருவார்கள். அதற்கு விளி என்று பெயர். ஆகவே கலியாணமான மூன்றாம் நாள் மாப்பிள்ளை வள்ளத்தை மூன்றாம் அலைக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்துவான், புதுப்பெண் மேட்டில் நின்று அவனை விளிக்க வேண்டும், கேட்டதும் அவன் துடுப்பைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டுவான். தூக்கினால்தான் ஊர் அவளை அந்த வீட்டுக்காரி என்று ஒத்துக்கொள்ளும்.

கித்தேரி விளித்தாள். அலைச் சத்தத்தில் அவளுக்கே அது கேட்கவில்லை. மறுபடியும் விளித்தாள். வெயில் ஏறியது, கூட்டம் நெளிந்தது, யாரோ சிரித்தார்கள், மூன்றாம் தடவை பெயரின் பாதியிலேயே நிறுத்தி மீதியை முழுங்கிவிட்டாள். வேறொருவனாக இருந்தால் கேட்டதுபோலத் துடுப்பைத் தூக்கிவிட்டு வந்து சோறு தின்றிருப்பான். அவள் புருசன் இன்னாசி அப்படிப்பட்டவன் அல்ல. கேட்காததைக் கேட்டதாகக் காட்டுவது கடலிடம் பொய் சொல்வது என்று நம்புகிறவன். உச்சிவெயில்வரை நின்றுவிட்டு, வள்ளத்தைக் கரைக்குக் கொண்டுவந்து, எல்லோர் முன்னாலும் "கேக்கலை" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, இன்றைக்கு மீன் படவில்லை என்பதுபோலச் சொன்னான். அவளுக்கு அதுதான் அதிகம் வலித்தது.

"இதுல என்னட்டி வந்துச்சு" என்றாள் பக்கத்து வீட்டுச் சலேத்தம்மாள். ஊரிலேயே பெரிய குரல் அவளுடையது, மனசும் அதே அளவு. "என் வீட்டு வள்ளத்தோட உன் வீட்டு வள்ளத்தையும் சேத்து நானே விளிச்சிட்டுப் போறேன்." சொன்னபடியே ஒன்பது வருசம் விளித்தாள். மழை மறைக்கிற நாளெல்லாம் சலேத்தம்மாள் மேட்டின் உச்சியில் நின்று "இன்னாசீ" என்று கூப்பிட, இன்னாசியின் பெண்சாதி பின்வரிசையில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

இந்த ஒன்பது வருசத்தில் கித்தேரிக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. அவள் பேசத் தொடங்கினால் எதிரில் இருப்பவர் "என்னது?" என்பார், இரண்டாம் முறை சொல்வதற்குள் வேறுபக்கம் திரும்பிவிடுவார், அவள் மிச்சத்தை முழுங்கிவிடுவாள். முதலில் திரும்பியவர்களிடம் முழுங்கினாள், பிறகு திரும்பாதவர்களிடமும் முழுங்கினாள், பிறகு இன்னாசியிடம், கடைசியில் பிள்ளைகுட்டி இல்லாத அந்த வீட்டில் தனியாக இருக்கும்போது பூனையிடம் பேசினாலும் பாதியில் நின்றுவிட்டது. "இந்தப் பானை..." என்பாள், அவ்வளவுதான். "நாளைக்கு மழை வந்தா..." என்பாள், அவ்வளவுதான். ஆனால் முழுங்கியது எதுவும் செரிக்கவில்லை. எந்த நாளில் எந்தப் பேச்சை எந்த இடத்தில் விட்டாள் என்று ஒன்று விடாமல் அவளுக்கு நினைவிருந்தது, தன்னால் ஒன்றும் முடியாது என்பதற்கு அத்தனையும் சாட்சி என்று எடுத்துக்கொண்டாள்.

ஐப்பசி மாதத்து ஒரு திங்கட்கிழமை விடிகாலையில் கோயில் மணி அடிக்கிறவர் கயிற்றை இழுத்தார். மணி ஆடியது, நாக்கு போய் இடித்தது, சத்தம் வரவில்லை. அவர் தன் காதுதான் போய்விட்டது என்று எண்ணி மாதாவைக் கூப்பிட்டுக் கத்தினார், கத்தலும் வரவில்லை. அதற்குள் கீழே தெருவில் ஊரே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றது. அலை எழுந்து சுருண்டு சத்தமில்லாமல் விழுந்தது, ஆனால் விழுந்த நுரை மணலுக்குள் இறங்குகிற சின்ன ஓசை தெருக்கோடிவரைக்கும் கேட்டது. நாய்கள் குரைத்துப் பார்த்து, தங்களைத் தாங்களே சந்தேகப்பட்டு, படுத்துவிட்டன.

என்ன நடந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தவர் மைக்செட் வாடகைக்கு விடுகிற பர்னாந்துதான். தன் ஒலிபெருக்கிகளையெல்லாம் மாடியில் ஏற்றிச் சத்தத்தைக் கூட்டக் கூட்ட அது குறைவதைப் பார்த்தார். வெறுத்துப்போய்த் தனக்குள் "தொலஞ்சேன்" என்று முணுமுணுத்தார். அது ஊர் முழுக்கக் கேட்டது. அப்படித்தான் விசயம் பிடிபட்டது. சத்தமானது எதுவும் கேட்காது, தணிந்தது எல்லாம் போகவேண்டிய தூரம்வரை போகும். ஏன் என்று இரண்டு நாள் பேசினார்கள், அதாவது முணுமுணுத்தார்கள். மூன்றாம் நாள் கடலுக்குப் போகவேண்டியிருந்ததால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டார்கள்.

ஊர் என்றால் எதையும் பழகிக்கொள்ளும். சண்டைக்காரர்கள்தான் முதலில் சிரமப்பட்டார்கள். வாய்விட்டுத் திட்டினால் கேட்காது, மெதுவாகத் திட்டினால் பாரைத் தாண்டி வள்ளக்காரர்களும் கேட்டுவிட்டு வந்து நியாயம் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள், ஆகவே பாதிச் சண்டைகள் வெட்கத்திலேயே முடிந்தன. ரகசியம் சொல்ல வேண்டுமானால் முகத்துக்கு நேரே நின்று தொண்டை கிழியக் கத்தினார்கள், அதுவும் கேட்காது, வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். பாவசங்கீர்த்தனம் செய்யப்போன ஒருத்தி வழக்கம்போல மெல்லச் சொல்லத் தொடங்கி, மூன்றாம் பாவத்தில் வெளியே நின்ற கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதும், பங்குச்சாமியார் எழுந்து வந்து இனிமேல் பாவங்களை உரக்கக் கத்தியே சொல்லும்படி ஏற்பாடு செய்தார். கடவுளுக்குக் கேட்கும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். சத்தத்தை அளக்கிற கருவியோடு ஓர் அதிகாரி வந்தார், முள் அசையாததைப் பார்த்தார், மாவட்டத்திலேயே அமைதியான ஊர் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கித்தேரிக்கு இனி நல்லகாலம்தான் என்று நினைக்கிறீர்கள். கெட்டகாலம் அப்போதுதான் தொடங்கியது. இரண்டாம் நாள் காலை அவள் தன் வீட்டு அடுப்படியில் பூனையிடம் "உனக்கு ஒரு மீன் தலை எடுத்து வச்சேன், எங்க..." என்று சொல்லி நிறுத்தினாள். தண்ணீர் எடுக்கப் போனால் குழாயடியில் இருந்த பெண்கள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். "எங்க வச்சிய, அக்கா, மீன் தலைய?" என்று ஒருத்தி மெல்லக் கேட்டாள், ஊர் முழுவதும் சிரித்தது, நல்லவேளை சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. ஒன்பது வருசமாக யாருக்கும் கேட்காது என்ற ஒரே நிம்மதியில்தான் அவள் அந்த அரைகுறைப் பேச்சையும் பேசிக்கொண்டிருந்தாள். அந்த நிம்மதியும் போனது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் இன்னாசி கடலிலிருந்து வந்து கால் கழுவிவிட்டு உட்கார்ந்தான். மெதுவாகப் பேச அவன் அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தான், ஒவ்வொரு சொல்லாகத் தரையில் வைப்பதுபோலப் பேசினான்.

"முந்தாநாள் காலையில 'இன்னைக்குக் கொஞ்சம் வெள்ளன'ன்னு சொன்னியே."

"எப்ப?"

"நாங்க பார் தாண்டி வலை போட்டுட்டிருந்தோம். தெளிவாக் கேட்டுச்சு. நாலு பேரும் வலைய அப்படியே பிடிச்சிக்கிட்டு நின்னோம். பொறவு ஒண்ணும் வரலை. வெள்ளன என்ன? சீக்கிரமா என்ன செய்யணும்?"

"ஒண்ணுமில்ல" என்றாள் கித்தேரி.

"ஒண்ணுமில்லாததுக்கா நாலு பேரு நிப்போம்?"

கேலி செய்கிறான் என்று நினைத்தாள். 'கேட்டுச்சு' என்ற ஒரு சொல்லுக்காக ஒன்பது வருசம் காத்திருந்தவள், அது வந்து வாசலில் நின்றபோது அதை விட்டுவிட்டு 'பொறவு ஒண்ணும் வரலை' என்பதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள். மனசு தன்னைப் பற்றி ஒன்றை முடிவு பண்ணிவிட்டால் அப்படித்தான், நல்லதை உள்ளே விடாது. அன்றிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை. செபமாலையைக்கூட உதட்டை அசைக்காமல் சொன்னாள், பூனையைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். ஊரெல்லாம் மெல்லப் பேசக் கற்றுக்கொண்டிருந்த அந்த நாட்களில், பிறவியிலேயே மெல்லப் பேசத் தெரிந்த ஒருத்தி மட்டும் பேச்சை நிறுத்திவிட்டாள் என்பதை யாரும் கவனிக்கவில்லை. அந்த வீட்டில் அவளுக்கு அவள்கூடத் துணையில்லாமல் போயிற்று.

விளிக்கு மட்டும் ஊர்ப்பெண்கள் ரொம்பவும் சிரத்தை எடுத்துக்கொண்டார்கள். காற்று ஓய்ந்த பிற்பகல்களில் மணல்மேட்டில் வரிசையாக நின்று, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, மெல்ல மெல்லக் கூப்பிட்டுப் பழகினார்கள். சலேத்தம்மாள்தான் எல்லோரையும்விடப் பாடுபட்டாள். பத்துப் பதினைந்து நாளில் அவளுக்கும் வந்துவிட்டது; தன் இரண்டு மகன்கள் போகிற வள்ளத்தையும், பழைய வழக்கப்படி இன்னாசியின் வள்ளத்தையும் அவள் கிசுகிசுவென்று விளித்தால் கடலில் அவர்கள் பக்கத்தில் நின்று கூப்பிடுவதுபோலக் கேட்டதாகச் சொன்னார்கள். எல்லோரும் நிம்மதியானார்கள். ஆனால் பயமில்லாத நாளில் மெல்லப் பேசுவது வேறு, பயந்துபோன நாளில் மெல்லப் பேசுவது வேறு. அது அவர்களுக்குத் தெரியாது.

முப்பத்தொன்பதாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு வடகிழக்கில் வானம் கறுத்தது. இடி சத்தமில்லாமல் இடித்ததால் வீட்டுக்குள் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. கதவு பிய்த்துக்கொண்டு போனபோதுதான் வெளியே ஓடிவந்தார்கள். கடலுக்கும் கரைக்கும் நடுவே மழை சாம்பல் நிறத்தில் நின்றது. கோபுரம் மறைந்தது, பார் மறைந்தது, கைபேசிகளில் டவர் போனது. பதினோரு வள்ளம் கடலில் இருந்தது, ஒவ்வொன்றிலும் நாலைந்து பேர்.

பெண்கள் மேட்டில் ஏறினார்கள். சலேத்தம்மாள் உச்சியில் போய் நின்றாள். "மக்கா" என்று அவள் சொன்ன முதல் சொல் கேட்டது. இரண்டாம் சொல்லுக்குள் பயம் வந்துவிட்டது, குரல் ஏறியது, ஏறியதும் காணாமல் போனது. அவள் வாய் அகலத் திறந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது, கண்ணீர் வழிந்தது, ஒரு சத்தமும் இல்லை. அவளுக்குப் பக்கத்தில் நின்றவளும் அப்படியே, அவளுக்கு அடுத்து நின்றவளும் அப்படியே. பெற்ற பிள்ளை கடலில் கிடக்கையில் யார்தான் மெல்லப் பேசுவார்கள். ஊரில் அத்தனை பெண்களும் கத்திக்கொண்டிருந்தார்கள், அந்த மேடு சவக்காடுபோல அமைதியாக இருந்தது.

கித்தேரி பின்வரிசையில் நின்றாள். வாயை மூடியிருந்ததால் அவளுக்குக் கடல் கேட்டது. மழைக்கு அந்தப் பக்கம் ஆண்கள் தங்களுக்குள் முணுமுணுப்பது ஒவ்வொன்றாக வந்து காதில் விழுந்தது. "பார் எந்தப் பக்கம்ல?" "தெரியலை." "விளி வருதா பாரு." "வரலையே." யாரோ ஒருவன் மாதாவிடம் தன் மகளுக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். தன்னால் கூப்பிட முடியுமா என்ற நினைப்பு வந்ததும் அதன் பின்னாலேயே வழக்கமான பதிலும் வந்தது: ஒரே ஒருத்தனின் துடுப்பை உயர்த்தத் துப்பில்லாதவள் பதினோரு வள்ளத்தைக் கரைசேர்க்கப் போகிறாளாம். அதுமட்டுமல்ல, விளி என்பது நடுவில் அறுந்துபோகக் கூடாது. வள்ளம் வழிக்குள் பாதி நுழைந்திருக்கையில் குரல் நின்றால் அது நேரே பாரில் ஏறும். பேச்சைப் பாதியில் விடுகிறவளை நம்பி யார் நுழைவார்கள்.

அப்போது இன்னாசியின் குரல் கேட்டது. அவன் யாரிடமும் பேசவில்லை. சாகப்போகிறோமோ என்று தோன்றும்போது மனுசனுக்கு என்னென்னவோ நினைவு வரும்போலிருக்கிறது.

"வெள்ளன என்னன்னு கடைசிவரைக்கும் சொல்லலையே இவ" என்றான்.

கித்தேரிக்கு அப்போதுதான் புரிந்தது. கேலி இல்லை, அவன் நிஜமாகவே முப்பத்துநாலு நாளாக மிச்சத்துக்குக் காத்திருக்கிறான்.

"வெள்ளன வந்துருங்கன்னு சொல்ல வந்தேன்" என்றாள்.

சாதாரணமாகத்தான் சொன்னாள். கடலில் பதினோரு வள்ளத்திலும் முணுமுணுப்பு நின்றது அவளுக்குத் தெரிந்தது. பிறகு இன்னாசி, மெதுவாக, "திசை தெரியுது. நிறுத்தாத" என்றான்.

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள், வாயைப் பொத்திக்கொண்டு வழிவிட்டார்கள். சலேத்தம்மாள் உச்சியிலிருந்து இறங்கிவந்து அவள் கையைப் பிடித்து, வழிக்கு நேரே தான் நின்ற இடத்தில் அவளை நிறுத்திவிட்டு, கையை விடாமல் பக்கத்தில் நின்றாள். மின்னல் கண்ணைப் பறித்தது. கித்தேரிக்குப் பயம் இல்லாமலில்லை, அடிவயிறு முழுக்கப் பயம்தான், ஆனால் அது குரலுக்கு ஏறி வரவில்லை. அடுப்படியில் பாம்பு வந்த அன்றைக்கு எங்கே நின்றதோ அங்கேயே நின்றது. இது எனக்குத் தெரிந்த வேலை என்று அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக நினைத்தாள். நிறுத்தாமல் எதைப் பேசுவது என்பதிலும் அவளுக்குக் குழப்பம் வரவில்லை, ஒன்பது வருசத்துப் பேச்சு மிச்சம் இருந்தது.

"கலியாணமாகி வந்த மொத நாளு 'இந்த ஊர்த் தண்ணி'ன்னு சொல்லி நிறுத்திட்டேன்" என்று தொடங்கினாள். "தண்ணி உப்புக் கரிக்குன்னு சொல்ல வந்தேன். இப்பப் பழகிட்டு. மறுநாளு 'இந்த வீட்டுக் கதவு'ன்னு நிறுத்திட்டேன். கதவு காத்துல அடிச்சா எங்க அம்மா நெனப்பு வருது, ஒரு கல்லு வைக்கணும்னு சொல்ல வந்தேன். அந்தக் கிழமை குழாயடியில 'உங்க பொண்ணுக்கு'ன்னு ஒருத்திகிட்ட சொல்லி நிறுத்திட்டேன். உங்க பொண்ணுக்கு மஞ்சள் கலர் நல்லா இருக்குன்னு சொல்ல வந்தேன்."

முதல் வள்ளம் மழையைக் கிழித்துக்கொண்டு வந்தது. கரையில் ஓடிப்போய்ப் பிடித்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

மளிகைக்கடையில் விட்டதை முடித்தாள், பூசையில் விட்டதை முடித்தாள், பானையைப் பற்றியும் பூனையைப் பற்றியும் விட்டதை முடித்தாள், மீன் தலையை எங்கே வைத்தாள் என்பதையும் சொன்னாள். நாலாம் வள்ளம் வந்தது, ஐந்தாம் வள்ளம் வந்தது. "சாமி, பாவசங்கீர்த்தனத்துல 'எனக்கு ஒருத்தர் மேல கோபம்'னு சொல்லி நிறுத்திட்டேன், துடுப்பைத் தூக்காம வந்து கேக்கலைன்னு சொன்னாரே, அவர் மேலதான், ஆனா அவர் பொய் சொல்லலைங்கறதும் எனக்குத் தெரியும், அதனாலதான் அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் எங்க வைக்கதுன்னு தெரியலை." ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது, கடலும் கேட்டுக்கொண்டிருந்தது, அவளுக்கு வெட்கமாக இல்லை. ஆறாவதாக வந்த வள்ளத்தில் சலேத்தம்மாளின் மகன்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். "சலேத்தக்கா, நீங்க எங்க வள்ளத்தை விளிச்சிட்டு எறங்கும்போதெல்லாம் 'அக்கா உங்களுக்கு'ன்னு சொல்லி நிறுத்திருவேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும், ஆனா எனக்கு ஒவ்வொரு தடவையும் வலிக்குன்னு சொல்ல வந்தேன்." சலேத்தம்மாள் மகன்களிடம் ஓடவில்லை. பிடித்த கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

பத்து வள்ளமும் வந்துவிட்டது. இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். பதினொன்றாவது இன்னாசியுடையது, அது மற்ற எல்லாவற்றையும் முன்னால் விட்டுவிட்டு வெளியே நின்றிருந்தது. கித்தேரியிடம் மிச்சம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது இந்த மேட்டில், கலியாணமான மூன்றாம் நாள், மூன்றாம் தடவை, பாதியில் முழுங்கிய ஒரு பெயர்.

"இன்னாசி" என்றாள், முழுசாக.

சொல்லிவிட்டு, வள்ளம் வழிக்குள் இருக்கும் நேரம் முழுவதும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மழைக்குள்ளிருந்து வள்ளம் வந்தது. இயந்திரம் நின்றுபோய், இன்னாசி ஒரே துடுப்பை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துத் திசை திருப்பிக்கொண்டு வந்தான். தூக்கிக் காட்டக் கை இல்லை. கரையேறியதும் மணலில் விழுந்து கிடந்தான். அவள் வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

மறுநாள் காலை, நாற்பதாம் நாள், பெரிய மணி அடித்தது. படுத்திருந்தவர்கள் எல்லோரும் துள்ளி எழுந்தார்கள். அலை இடித்தது, நாய் குரைத்தது, பிள்ளைகள் அழுதன, பர்னாந்து அன்று முழுவதும் காசு வாங்காமல் பாட்டுப் போட்டார், பாவங்கள் மறுபடி மெல்லச் சொல்லப்பட்டன. ஒரு வாரம் கித்தேரியைப் பார்த்தால் எழுந்து நின்றார்கள். வீட்டுக்கு நல்ல மீனாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதன்பிறகு ஊர் பழையபடி ஆயிற்று, அவள் பேசத் தொடங்கினால் "என்னது? சத்தமாச் சொல்லுட்டி" என்றார்கள், பாதியில் வேறுபக்கம் திரும்பினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கடல் அவ்வளவு சத்தம் போடுகிறது.

ஆனால் கித்தேரி முழுங்குவதை விட்டுவிட்டாள். திரும்பிய முதுகிடம் சொல்லி முடித்தாள், மூடிய கதவிடம் சொல்லி முடித்தாள், ஆளில்லாத முற்றத்தில் நின்று பூனைக்குச் சொல்லி முடித்தாள். தனிமை அப்படியேதான் இருந்தது, அது எங்கும் போய்விடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதில் அரைகுறையாக ஒன்றும் கிடக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மெல்லப் பேசுகிறவள் மெல்லத்தானே பேசுவாள் என்று தன்னைத் தானே அவள் ஒத்துக்கொண்டுவிட்டாள், ஊர் ஒத்துக்கொள்வது பிறகு.

கார்த்திகையில் ஒரு காலை, வானம் தெளிவாக இருந்தது, வள்ளங்கள் புறப்பட்டுக்கொண்டிருந்தன. "இனி உன் வீட்டு வள்ளத்தை நான் விளிக்க மாட்டேன்" என்று சலேத்தம்மாள் கத்தினாள். "அது உன் வேலை." கித்தேரி தலையாட்டிவிட்டு, கூடையோடு மேட்டில் ஏறி நின்றாள். அலை இடித்த இடியில் அவள் குரல் அவள் காதுக்கே வரவில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னாசி என்றாள். இன்னைக்குப் புளி கூட்டாம குழம்பு வைக்கப்போறேன் என்றாள். கதவுக்கு ஒரு கல்லு பாத்துட்டு வாங்க என்றாள். வெள்ளன வந்துருங்க என்றாள். முடிந்ததும், பதில் வருகிறதா என்று பார்க்க நிற்காமல், கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி நடந்தாள்.

மூன்றாம் அலைக்கு அப்பால் இன்னாசி வள்ளத்தை நிறுத்தினான். கேட்காததைக் கேட்டதாகக் காட்டாதவன் அவன், அது ஊருக்கே தெரியும். குனிந்து துடுப்பை எடுத்தான், இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கினான். கரையில் நின்ற பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். சலேத்தம்மாள் "ஏட்டி, திரும்பிப் பாருட்டி" என்று தன் முழுக்குரலையும் எடுத்துக் கத்தினாள், மறுபடி கத்தினாள், காற்று எதிர்த்து அடித்ததில் ஊரிலேயே பெரிய குரல் கித்தேரிவரைக்கும் போய்ச் சேரவில்லை. அவள் காலடியில் ஓடிவந்த பூனையிடம் ஏதோ சொல்லிக்கொண்டு போனாள். அதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் திரும்புவாள். அதுவரைக்கும் கடலில் அந்தத் துடுப்பு இறங்கவில்லை.